ரோஸ் சட்டையும் ஒற்றைக் கடுக்கனும்

எலவனாசூர்கோட்டை
12.9.1997

அரங்கநாதனுக்கு, உன் அப்பன் ஆதிமூலம் சொல்ல டைலர் கண்ணாயிரம் எழுதுவது.

முதல் வரியில் ஆசீர்வாதம் என்று கண்ணாயிரம் தானாகவே எழுதிவிட்டான். படித்துக் காட்டினான். அடித்துவிடச் சொன்னேன். அடித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் எழுத்தறியாதவன். நீயே பார்த்துக்கொள்.

நீ ஜீப்பில் ஏறிப் போன பிறகு அடிவாரத்துக் கோவிலில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா பெரியவரே, ஒரு காதோட நிக்குது, மாமன் எங்க போனாரு?" என்றார். வந்த சனம் எழுந்து போவதா இலைக்கு முன்னால் உட்காருவதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. கறி வெந்துகொண்டிருந்தது. உன் தங்கச்சி சின்னப்பொண்ணு பிள்ளை கொளஞ்சியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். மொட்டைத் தலையில் சந்தனம், வலது காதில் கடுக்கன், இடது காதில் பத்தர் வைத்த மைப்பொட்டு, உடம்பில் பாதிச் சட்டை. மீதிப் பாதி உன் கையோடு வந்து ஜீப் நின்ற இடத்தில் கிடந்தது.

நீ திருப்பூரிலிருந்து கூட்டிவந்தாயே மூன்று பேர், அதில் அந்தத் தடித்த ஆள், உன் கான்ட்ராக்டர், வாயில் வெற்றிலையோடு, "ஏனுங்க அரங்கு, அம்மிணிக்கா காது குத்தறீங்க?" என்று கேட்டான். இன்னொருத்தன் சிரித்தான். நடந்தது அவ்வளவுதான். அதற்கு நீ, "சின்னப்பொண்ணு, இந்தப் பொட்டச் சட்டைய கழட்டிட்டு வேற மாட்டு" என்றாய். கொளஞ்சி மாட்டேன் என்று சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாலு வயசுப் பிள்ளை. நீ கிழித்தாய். கிழித்துவிட்டு, மடியிலிருந்து அவனை மூட்டையைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்.

ரோஸ் சட்டைதான் வேண்டும் என்று கேட்டது அவன். தைக்கச் சொன்னது நான். தைத்தது இந்தக் கண்ணாயிரம். மூன்று பேரில் சின்னவன் மேல்தான் உனக்குக் கை போயிற்று.

ஆம்பளைப் பிள்ளைக்குக் காதில் ஓட்டை போட்டுப் பொன் மாட்டலாம். கழுத்தில் மாலை போடலாம். கன்னத்தில் சந்தனம் பூசலாம். சட்டை மட்டும் ரோஸாக இருந்தால் அவன் ஆம்பளை இல்லாமல் போய்விடுவான். எந்த ஊர் நியாயம் இது?

மறு காதுக்கான கடுக்கன் உன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. அதை ஆள் மூலம் அனுப்பினால் வாங்க மாட்டேன். நீயே கொண்டுவா. அதே மடியில் உட்காரவைத்து மறு காதையும் குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால், பிறந்த வீடு செத்துப்போனவள் என்று வெள்ளிமலையில் உன் தங்கச்சியைப் பேசுவார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் அவள் அந்தப் பேச்சோடு காலம் தள்ள வேண்டும்.

(இதற்கு மேல் அவர் சொன்னதை நான் எழுதவில்லை. — கண்ணாயிரம்)

•

திருப்பூர்
27.9.1997

அப்பாவுக்கு, அரங்கநாதன் எழுதுவது. வணக்கம்.

ஆசீர்வாதம் அடிக்கப்படவில்லை. கண்ணாயிரம் அண்ணனுக்கு நன்றி.

பிள்ளையை நான் அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன், தையல் விட்டுவிட்டது. தள்ளவும் இல்லை. இறக்கிவிட்டுத்தான் எழுந்தேன். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நான் செய்யும் வேலை என்ன என்று உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். நான் பேக்கிங்கில் இருக்கிறேன். எல்லாம் குழந்தைத் துணி, வெளிநாட்டு ஆர்டர். பிறந்த குழந்தைக்குப் போடுகிற பனியன். ஒரே அளவு, ஒரே தையல், ஒரே நூல். நீலம் என்றால் பையன் படம் போட்ட அட்டை வைத்து மடிக்க வேண்டும். ரோஸ் என்றால் பெண் பிள்ளை படம் போட்ட அட்டை. மாறினால் பெட்டியோடு திரும்பி வந்துவிடும். இதை நானாக வைக்கவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள், பணக்காரர்கள், பிளேனில் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?

கம்பெனியில் கழித்துப்போட்டதில் நான் அனுப்பிய செகண்ட்ஸ் மூட்டையில் ரோஸ் பனியன்களைப் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் வைத்தேன். அதை எடுத்துக் கொளஞ்சிக்குப் போட்டுப் பழக்கியது நீங்கள். அதில் பெரிய அளவு ஒன்றை நீங்களே மாட்டிக்கொண்டு ஆடு மேய்ப்பதாகவும் கேள்விப்பட்டேன். வயதான காலத்தில் உங்களுக்கு இது தேவையா?

அன்றைக்கு வந்தவர்கள் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள். அவர்கள் முன்னால் எனக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வெள்ளையோ நீலமோ போட்டு உட்காரவையுங்கள், நான் வருகிறேன். கடுக்கன் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

பூமாலை உங்களை விசாரித்ததாக எழுத வேண்டும். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து என் பொண்டாட்டி என்னிடம் எதுவுமே சொல்வதில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள்.

•

எலவனாசூர்கோட்டை
9.10.1997

அரங்கநாதனுக்கு,

தையல் விடவில்லை, துணிதான் கிழிந்தது என்று முதலில் எழுதிக்கொள்கிறேன் என்கிறான் கண்ணாயிரம். எழுதிக்கொள்ளட்டும்.

ரோஸ் பனியன் போட்டுத்தான் ஆடு மேய்க்கிறேன். நெஞ்சில் ஏதோ வெள்ளைக்காரன் எழுத்து. ஆடுகள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நீ எனக்கு அனுப்புகிற இந்த இன்லேண்டுக் காகிதம் கூட நீலம்தானே. பொம்பளைகளுக்கு என்ன நிறத்தில் காகிதம் விற்கிறீர்கள் என்று தபாலாபீசில் கேட்டேன். எல்லாருக்கும் இதுதான் பெரியவரே என்று சொல்லிவிட்டார்கள். உன் வெளிநாட்டுக்காரனிடம் சொல்லி மாற்றச் சொல்.

உலகம் முழுக்க என்கிறாய். நான் பார்த்த உலகம் இங்கிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும், மலைக்கு மேலே கொஞ்சம். ஆனால் பார்த்தது எதையும் நான் மறக்கவில்லை. எழுதி வைக்கத் தெரிந்தவன் மறக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் திருவிழா என்றால் பெரிய வீட்டு ஆண்கள் எல்லாம் ரோஸ் தலைப்பாகைதான் கட்டுவார்கள். தேர் வடத்துக்கு முன்னால் வரிசையாக ரோஸ் தலையாக நிற்கும். மீசையும் ரோஸ் தலைப்பாகையும் இருந்தால் அவன்தான் ஆம்பளை. எனக்கும் ஆசை. சந்தைக்குப் போய் ஒரு ரோஸ் துண்டு வாங்கிவந்து கட்டிக்கொண்டேன். பொண்ணையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வருகிறோம். பெரிய வீட்டுக் காரியக்காரர் நாலு பேரோடு நின்றுகொண்டிருந்தார். குடைக் காம்பால் என் தலைப்பாகையை ஒரு தூக்குத் தூக்கினார். "இன்னாடா ஆதிமூலம், கல்யாணம் பண்ணிக்கினா நீயும் ஆம்பளையா? இது எங்க வூட்டு ஆம்பளைங்க கட்ற கலருடா" என்றார். காம்பிலிருந்து அப்படியே சேற்றில் உதறினார். கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

உன் அம்மா ராஜாம்பாள் கல்யாணப் பொண்ணு. தலை குனிந்தபடி வந்தவள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய் அந்தத் துண்டைச் சேற்றிலிருந்து எடுத்துப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காரியக்காரர் மூஞ்சியை அவள் பார்க்கவே இல்லை. வீட்டில் வந்து துவைத்தாள். நான் திரும்ப அதைக் கட்டவில்லை, அவளும் கட்டச் சொல்லவில்லை. பத்து வருஷம் பானைக்குள் கிடந்தது. நீ பிறந்தபோது எடுத்துத் தூளி கட்டினாள். நீ மூத்திரம் பெய்து தூங்கியதெல்லாம் அந்த ரோஸில்தான். நீ எப்படி ஆம்பளையானாய்?

அன்றைக்கு அது ஆம்பளை நிறம் என்று என் தலையிலிருந்து எடுத்தார்கள். இன்றைக்குப் பொம்பளை நிறம் என்று பிள்ளை உடம்பிலிருந்து நீ எடுக்கிறாய். அந்த நாலு பேர் சிரித்த சிரிப்பையும் உன் ஆள் சிரித்த சிரிப்பையும் நான் கேட்டிருக்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டும் ஒரே சிரிப்புதான். காரியக்காரர் கையை நான் என் வீட்டுக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தூ.

மாப்பிள்ளை வேடியப்பன் நேற்று கள்ளக்குறிச்சிக்குத் தன் ஜீப்பில் சவாரி ஏற்றி வந்தவன் இங்கேயும் எட்டிப் பார்த்தான். வெள்ளிமலையில் பிள்ளைகள் கொளஞ்சியை ஒத்தக் கடுக்கன், ஒத்தக் கடுக்கன் என்று கூப்பிடுகிறார்களாம். இவன் வெறும் காதைக் கையால் பொத்திக்கொண்டேதான் விளையாடுகிறானாம். ஒரு கை காதுக்கு, ஒரு கைதான் கோலிக்கு. எல்லா ஆட்டத்திலும் தோற்கிறான் என்றான் வேடியப்பன்.

ஆட்டுக்குத்தான் அடையாளத்துக்கு ஒரு காதில் வெட்டுவோம்.

•

திருப்பூர்
3.11.1997

அப்பாவுக்கு,

கண்ணாயிரம் அண்ணன் இதைக் கடையில் யாரும் இல்லாதபோது படித்துக் காட்டவும். யாராவது சட்டை அளவு கொடுக்க வந்தால் நிறுத்திவிடவும்.

தீபாவளிக்கு வரவில்லை. வந்தால் பேச்சு அதிலேதான் போய் முடியும்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. அட்டை வைத்து மடிக்கும் வேலை. தூக்கக் கலக்கத்தில் ஒரு பெட்டி முழுக்க மாற்றி வைத்துவிட்டேன். ரோஸ் பனியனுக்குள் பையன் படம். லாரி ஏறுவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் என்னைச் செக்கிங் பகுதிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே எல்லாரும் பெண்கள். துணி பரப்பும் மேஜை மேல் ஏறச் சொன்னார். கைக்குழந்தைக்குப் போடுகிற ரோஸ் குல்லா ஒன்றை என் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்கு அடியில் முடிச்சுப் போட்டார். வேலை முடிகிற மணி அடிக்கும்வரை நிற்கச் சொன்னார். "அம்மிணி, டீ குடிக்கறயா? அம்மிணி, காலு வலிக்குதா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். பிறகும் வெகு காலம் எனக்குக் கம்பெனியில் அதுதான் பெயர்.

செக்கிங்கில் இருந்தவர்களில் சிரிக்காதவள் ஒருத்திதான். மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவள் எழுந்து வந்து மேஜை மேல் ஏறி நாடாவை அவிழ்த்தாள். கான்ட்ராக்டர் கத்தினார். "நாடா பிரிஞ்சிக்கினு தொங்குது, அத எடுத்தேன், இன்னா இப்போ?" என்றாள். நம்ம ஊர்ப் பேச்சு. அவள்தான் பூமாலை. பொண்ணு எப்படிப் பிடித்தாய் என்று கல்யாணத்தின்போது கேட்டீர்கள். கம்பெனியில் பழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குக் கோவிலில் அவர் அம்மிணி என்று சொன்னார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் அந்த மேஜை மேல் நிற்கிறேன். மடியில் பிள்ளை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

கொளஞ்சி அப்படி ஒரு மேஜையில் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. தை மாதம் நாள் பாருங்கள். அவனுக்கு நல்ல நீலச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் தரம், செகண்ட்ஸ் இல்லை. அதைப் போட்டுவிடுங்கள். காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

•

எலவனாசூர்கோட்டை
16.11.1997

அரங்கநாதனுக்கு,

கடையைச் சாத்திவிட்டுப் படித்தான். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னேன். அப்புறம் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்து இதைச் சொல்கிறேன்.

உன் மேல் கோபம் குறைந்துவிட்டது. அருவருப்பு கூடிவிட்டது. ஏன் என்று கேள்.

உன் தலையில் குல்லா கட்டியவனைத்தான் நீ என் பேரன் காது குத்துக்குக் கூட்டிவந்தாய். அவனுக்குப் பந்தலில் பாய் விரித்தாய். முதல் மாலை அவனுக்குப் போட்டாய், எனக்கு இரண்டாவது. ஈரல் அவன் இலைக்குத் தனியாகப் போக வேண்டும் என்று சமையல்காரனிடம் நீ சொன்னதை நான் கேட்டேன். அவனுக்கு எதிரே நிமிர்ந்து நிற்க உனக்குத் தெம்பு இல்லை. நாலு வயசுப் பிள்ளையிடம் தெம்பு வந்துவிட்டது. நாய் கடித்தால் கடித்த இடத்தைக் கழுவுவார்கள். நீ அந்த நாயை வீட்டுக்கே கூட்டிவந்து பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டினாய்.

மேஜையில் நிற்கவைத்தவனை விட்டுவிட்டாய். குல்லாவின் நிறத்தைப் பிடித்துக்கொண்டாய். அவன் அன்றைக்கு மஞ்சள் குல்லா கட்டியிருந்தால் நீ மாரியம்மன் கோவில் பக்கமே போகாமல் இருந்திருப்பாயா?

பூமாலைக்கு என் கும்பிடு. மருமகளைக் கும்பிடலாமா என்று கண்ணாயிரம் கேட்கிறான். எழுதடா என்றேன்.

தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, அதே கோவில், அதே பத்தர். பிள்ளை அவன் கேட்ட சட்டையில்தான் உட்காருவான். புதுசு தைத்தாகிவிட்டது, அதே ரோஸ். உன் நீலச் சட்டை நல்லதாக இருக்கலாம், அவன் கேட்கும்போது போட்டுக்கொள்வான். நீ வராமல் நான் மறு காதைக் குத்தப் போவதில்லை. ஒற்றைக் கடுக்கனோடு அவன் வளரட்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம், என் மாமன் நிறம் பார்க்கிறவன் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

•

திருப்பூர்
30.1.1998

அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பூமாலை தன் அம்மாவைப் பார்க்க உளுந்தூர்பேட்டை போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இன்று கடுக்கனை எடுத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். சிமிழில் கடுக்கன் இல்லை. எங்கள் கம்பெனி அட்டை ஒன்றை மடித்து வைத்திருக்கிறாள். பையன் படம் போட்ட நீல அட்டை. பின்பக்கம் எழுதியிருக்கிறாள்: "இத மடியில உக்கார வெச்சி காது குத்துங்க."

கடுக்கனோடு அவள் நேராக உங்களிடம்தான் வந்திருப்பாள். எனக்குத் தெரியும். அவளிடம் நீங்கள் என்ன சொல்லி வரவழைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

நான் வராமல் குத்தமாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நானும் ரோஸ் சட்டைக்கு உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யார் மடியிலும் குத்திவிடாதீர்கள். எவ்வளவு சண்டை இருந்தாலும் அவனுக்கு மாமன் நான் ஒருத்தன்தான். உங்கள் வார்த்தை நிற்கட்டும்.

•

எலவனாசூர்கோட்டை
9.2.1998

அரங்கநாதனுக்கு,

காது குத்தியாகிவிட்டது. என் வார்த்தையும் நின்றுவிட்டது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் பொண்டாட்டியை நான் வரவழைக்கவில்லை. அவள் உளுந்தூர்பேட்டைக்குத்தான் போயிருக்கிறாள். அங்கே தன் அம்மாவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் இங்கே வந்து நின்றாள். முந்தானை முடிச்சில் கடுக்கன். "மாமா, பொருள் வந்துட்டுது. ஆளு வராரோ இன்னாவோ எனக்குத் தெரியாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கோவிலில் கூடியாகிவிட்டது. கொளஞ்சி ரோஸ் சட்டையில் வந்தான். இறங்கும்போதே சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். பத்தர் அவசரப்பட்டார். நான் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். போட்டு முடித்தார். இன்னொன்று மடித்துக் கொடுத்தேன். "போதும் பெரியவரே, வாய் வெந்து போச்சி" என்றார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உனக்குப் போட்ட மனைப் பலகை காலியாகக் கிடந்தது.

அப்போது பூமாலை போய் அந்த மனையில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, ஆம்பளை உட்காருகிற மாதிரி. "வாடா கொளஞ்சி" என்றாள். பெரிய சலசலப்பு. வேடியப்பனின் பெரியப்பா எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது, பொம்பள மடியில ஆம்பளப் புள்ளைக்குக் காது குத்தறதா? ஊர்ல சிரிப்பாங்க" என்றார். பூமாலை திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. "சிரிக்கட்டுங்க. சிரிப்பு எனக்குப் பழக்கம். மேசை மேல ஏறியே பார்த்துட்டேன்" என்றாள். அங்கே யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பத்தரும் தயங்கினார். பெண் மடியில் குத்திப் பழக்கமில்லை என்றார். "பத்தரே, இந்த ஊசி மடிய பார்த்துக் குத்துதா, காத பார்த்துக் குத்துதா?" என்று கேட்டேன். சின்னப்பொண்ணு அதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து அண்ணி மடியில் வைத்துவிட்டாள். அவள்தானே பேச்சு வாங்கப் போகிறவள், அவளே வைத்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன? பெரியப்பா மட்டும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பங்குக் கறி மிச்சம்.

குத்தும்போது கொளஞ்சி பூமாலையின் கையைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்துவிட்டது. அவள் கையை இழுக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். நீ வராமல் குத்தமாட்டேன் என்றேன். நீ வந்திருந்தாய். வேப்பமரத்துக்கு அப்பால் கச்சிராயபாளையத்து வாடகை ஜீப் ஒன்று நின்றது. பின் சீட்டுத் தார்ப்பாய் இறக்கிவிட்டிருந்தது. அதற்கு அடியில் ஜீப் படியில் கால் மட்டும் தெரிந்தது. கரும்பு வெட்டப் போன வயசில் உனக்குப் பெருவிரல் நகம் போய் மாட்டுக் கொம்பு மாதிரி முளைத்ததே, அந்தக் கால். ஊரில் வேறு யாருக்கும் அப்படிக் கால் இல்லை.

நான் கூப்பிடவில்லை. பத்தர் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டே இருந்தது உனக்காகத்தான். நீ இறங்கவில்லை. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் குத்தினோம். கண்ணாயிரத்துக்கே இதை இப்போதுதான் சொல்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறான்.

நீ டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் வந்து சேர்ந்தது. நீலச் சட்டை நல்ல சட்டை. இரண்டு நாளாக இங்கே இருக்கிற கொளஞ்சி அதை என் ஆட்டுக்குட்டிக்கு மாட்டிவிட்டிருக்கிறான். பெட்டைக் குட்டி. அதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

•

திருப்பூர்
17.2.1998

அப்பாவுக்கு,

ஆட்டுக்குட்டியிடமிருந்து அந்தச் சட்டையை உடனே கழற்றச் சொல்லவும். காலர் மடிப்புக்கு அடியில் ஒரு குண்டூசி இருக்கும். முதுகுப் பக்கம் அட்டையோடு சேர்த்துக் கைப்பகுதியில் இன்னொன்று. நான் மடித்த சட்டை, எனக்குத் தெரியும். முதல் தரம் என்றால் இரண்டு ஊசி வைத்துத்தான் மடிப்போம். எடுக்காமலே போட்டிருப்பான். குட்டிக்குக் குத்தும். கொளஞ்சி கையிலும் குத்தலாம்.

நான் ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அன்றைக்குக் கான்ட்ராக்டர் வரவில்லை. கம்பெனி ஆட்கள் யாரும் வரவில்லை. நான் ஒருத்தன்தான். சிரிக்க ஒரு ஆளும் இல்லை. அப்படியும் என்னால் ஜீப்பிலிருந்து காலை எடுத்துக் கீழே வைக்க முடியவில்லை. பூமாலை உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவன் கடித்ததையும் பார்த்தேன். கடி என் கையில் விழ வேண்டியது.

கம்பெனியில் எப்போதும் போல்தான். நேற்று ஒரு புதுப் பையன் அட்டை மாற்றி வைத்துவிட்டான். கான்ட்ராக்டர் கண்ணில் படுவதற்கு முன்னால் நான் உட்கார்ந்து பிரித்து மாற்றிவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. பெரிதாக எழுத ஒன்றும் இல்லை.

பூமாலை எப்போது வருவாள்?

•

எலவனாசூர்கோட்டை
25.2.1998

அரங்கநாதனுக்கு,

குண்டூசி இரண்டும் இருந்தது. குட்டியைக் குத்தவில்லை. எடுக்கப்போன என்னைத்தான் குத்தியது. ஊசியைக் கண்ணாயிரம் தன் டப்பாவில் போட்டுக்கொண்டான்.

கடி உன் கையில் விழ வேண்டியது என்று எழுதியிருக்கிறாய். அது சரி. அதை நான் மறுக்கப் போவதில்லை. ஜீப்புக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை. புதுப் பையன் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

பூமாலை வெள்ளிமலையில் சின்னப்பொண்ணு வீட்டில் இருக்கிறாள். நான் போய்க் கேட்டேன். "நான் எப்ப போறதுன்னு என்ன கேக்காதீங்க மாமா. அவரு எப்ப வராருன்னு அவர கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

கொளஞ்சிக்குக் காது ஆறிவிட்டது. இரண்டு கையும் கோலிக்கு வந்துவிட்டது, ஜெயிக்கிறான். ஒன்றுதான் பாக்கி. அவன் அப்பன் ஜீப் சத்தம் அவனுக்குத் தெரியும், ஓடிவருவான். வேறு ஜீப் ஏதாவது மலை ஏறி வந்தால், கோலியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். நீலச் சட்டை போட்டிருந்தாலும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிடி விட வேண்டும். அப்படிப் பிடிக்கவைத்தவன்தான் விடுவிக்க வேண்டும். பூமாலையாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

என்ன நிறத்தில் வேண்டுமானாலும் வா. வந்தால், ஜீப்பை விட்டு இறங்கு.